டபிள்யூ124 இ320-க்கு ரேடியேட்டர் மாற்றணும். எதை நம்பி வாங்குவது?

நேர்ஆறு எழுதியது:

வணக்கம். வண்டி 1994 மெர்சிடஸ் இ320, டபிள்யூ124 பாடி, ஆறு சிலிண்டர் எம்104 எஞ்சின், ஆட்டோமேட்டிக். பதினோரு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். முடிந்தவரை கழற்றுவதும் மாட்டுவதும் நானேதான்.

போன ஞாயிறு மேல் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் கூலன்ட் வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைப்போம் என்று ஹோஸைக் கொஞ்சம் திருப்பினேன். கையோடு வந்துவிட்டது. ஹோஸ் மட்டுமில்லை, ஹோஸ் மாட்டும் ரேடியேட்டரின் மூக்கும் அதற்குள்ளேயே இருந்தது. உடைந்த விளிம்பை நகத்தால் சுரண்டினால் சாக்பீஸ் மாதிரி உதிர்கிறது. முப்பது வருஷம் கொதிநீரைத் தாங்கிய பிளாஸ்டிக், அதைக் குறை சொல்லி என்ன? நின்ற இடத்தில் உடைந்ததே பெரிய உபகாரம். ஓட்டத்தில் பிய்த்துக்கொண்டிருந்தால், கூலன்ட் கொட்டி, எஞ்சின் சூடேறி, இரும்பு பிளாக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹெட் வளைந்து, இங்கே வேறு கேள்வியோடு வந்திருப்பேன்.

இப்போது என் பயம். நாலு வருஷம் முன்னால் அண்ணனுடைய 124-க்கு (நாலு சிலிண்டர்) ரேடியேட்டர் தேடிக் கொடுத்தது நான்தான். விற்பவர் பக்கத்தில் "உங்கள் வண்டிக்குப் பொருந்தும்" என்று பச்சை டிக் இருந்தது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வந்த சரக்கின் கோர் (சூட்டை ஆற்றும் நடுப்பகுதி) பழையதைவிட 8 மி.மீ. மெலிசு. இருக்கையில் ஆடியது, ஃபோம் துண்டு அடைத்து உட்கார வைத்தோம். பதினாலாவது மாதம் டேங்கும் கோரும் சேரும் மடிப்பில் கசிவு. அண்ணன் இன்றைக்கும் யார் எதை வாங்கினாலும் "பச்சை டிக் இருக்கா பாரு" என்கிறார்.

அதனால் இந்தத் தடவை கேட்டுவிட்டு வாங்கலாம் என்று. மெர்சிடஸ் கம்பெனி பெட்டியில் வருவதா, ரேடியேட்டர் தயாரிக்கும் பெஹர், நிசன்ஸ் மாதிரி பெயர்களா, கழற்றிய வண்டியிலிருந்து எடுத்த அசல் ரேடியேட்டரா, இல்லை பட்டறையில் கொடுத்துச் செம்புக் கோர் போட்டுவிடலாமா? உடைந்த மூக்கில் ஒரு குழாயைச் சொருகி ஒட்டினால் போதும் என்றும் ஒருவர் சொன்னார். வண்டி வாரம் ரெண்டு நாள்தான் வெளியே போகும், அவசரம் இல்லை.

ஈயப்பற்று எழுதியது:

தம்பி, நான் முப்பத்தஞ்சு வருஷம் ரேடியேட்டர் பட்டறை வச்சிருந்தவன். செம்புக் கோர் போட்டுத்தான் சோறு தின்னேன். அதனால நான் சொன்னா நம்பலாம்: உன் வண்டிக்குச் செம்பு வேண்டாம்.

காரணம் கேளு. அறுபதுகள்ல வந்த டபிள்யூ111, டபிள்யூ108 மாதிரி வண்டியில டேங்கே பித்தளை. கோர் போச்சுன்னா ஈயத்தை உருக்கி டேங்கைப் பிரிச்சு, புதுக் கோர் வச்சு, திரும்பப் பத்த வச்சுக் கொடுத்துடுவோம். இன்னும் இருபது வருஷம் ஓடும். உன்னோடது அலுமினியக் கோர், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க், நடுவுல ரப்பர் கேஸ்கட், சுத்திப் பல்லு பல்லா மடிச்சுப் பிடிச்சிருக்கும். பத்த வைக்க அங்க ஒண்ணுமே இல்ல. செம்பாக்கணும்னா டேங்கை முழுசாப் பித்தளைத் தகட்டுல அடிக்கணும். பக்க டேங்குக்குள்ள கியர் ஆயில் கூலர் படுத்திருக்கு, அதையும் குடி மாத்தணும். எல்லாம் முடிஞ்சு தூக்கிப் பாத்தா பழசைவிட ரெட்டைக் கனம் இருக்கும். அது உட்காரப்போறது ரெண்டு ரப்பர் மெத்தையில, மேல பிடிக்கிறது ரெண்டு ஸ்பிரிங் கிளிப்பு. எத்தனை நாள் தாங்கும்?

செம்பு சூட்டை நல்லாக் கடத்தும், இல்லைங்கல. ஆனா அலுமினியத்துல குழாயை அகலமாப் போடலாம், குழாய்களுக்கு நடுவுல இருக்கிற மெல்லிய ஃபின் தகடும் ஈயமில்லாம நேரா ஒட்டியிருக்கும். அதனால மொத்தத்துல செம்புக்கு ஈடாவே குளிர்ச்சி தரும். உலோகத்தைப் பாத்து மயங்காதே.

முழு அலுமினியம், டேங்கும் அலுமினியம், வெல்டு பண்ணினது, அதுவும் பாத்திருக்கேன். பளபளன்னு இருக்கும். ரேஸ் வண்டிக்குப் போடு. தினசரி வண்டியில அதிர்ச்சியில வெல்டு ஓரம்தான் முதல்ல கீறும்.

மூக்குல குழாய் சொருகுற வேலை: லாத்துல ஒரு அலுமினியக் குழாய் கடைஞ்சு உள்ள இறக்கி, சூடு தாங்குற எபாக்சி போட்டா நிக்கும். வண்டியை வீடு கொண்டு சேர்க்க அது போதும். ஆனா ஒரு மூக்கு சாக்பீஸ் ஆயிடுச்சுன்னா கீழ் மூக்கும் அதே வயசுதான், அதே பிளாஸ்டிக்குதான். ஒண்ணை ஒட்டிட்டு இன்னொண்ணு எப்பப் போகும்னு காத்துக்கிட்டு இருக்கப்போறியா?

கசிவு அடைக்கிற பவுடர் மட்டும் போட்டுடாதே. கசிவை அடைக்குதோ இல்லையோ, வண்டிக்குள்ள சூடு தர்ற ஹீட்டர் கோரை அடைச்சிடும்.

ஒன்றே_போதும் எழுதியது:

கம்பெனி பெட்டி மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் குப்பை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கணக்குநோட்டு எழுதியது:

ஒன்றே_போதும், யோசிக்க இருக்கிறது சார். கம்பெனி பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் டேங்கில் வார்ப்பு எழுத்து பெரும்பாலும் வேறு பெயராக இருக்கும். கார் கம்பெனி ரேடியேட்டர் செய்வதில்லை, செய்பவரிடம் வாங்கித் தன் எண்ணை ஒட்டுகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி: அங்கே வாங்கினால் எண் தப்பாது.

நேர்ஆறு, உங்கள் அண்ணன் கதையில் மலிவு ரேடியேட்டரைவிட எனக்கு உறுத்தியது அந்தப் பச்சை டிக்தான். 124 என்பது ஒரே வண்டி இல்லை. நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர், டீசல், ஏசி இருப்பது, இல்லாதது, கை கியர், ஆட்டோமேட்டிக் என்று பிரியும். விற்பனைப் பட்டியல் எழுதுகிறவர் "124, 1985 முதல் 1995 வரை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால் பெயரில் தொடங்காமல் எண்ணில் தொடங்குங்கள்.

சேசிஸ் நம்பரை எடுங்கள். டபிள்யூடிபி (WDB) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் ஆறு இலக்கம் 124032 என்று இருந்தால் அது இ320 செடான். அந்த நம்பரை வைத்துக் கம்பெனி பாகப் பட்டியலில் ரேடியேட்டர் எண்ணைத் தேடச் சொல்லுங்கள். 124 500 என்று தொடங்கும். முதல் மூன்று வண்டியைக் குறிக்கும், அடுத்த 50 குளிரூட்டும் பிரிவு. சண்டையெல்லாம் கடைசி நாலு இலக்கத்தில்தான். பழைய எண் நின்றுபோய்ப் புது எண் வந்திருந்தால் அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால், வேறு தயாரிப்பாளரின் பட்டியலிலும் "இதற்கு மாற்று" என்ற வரியில் தேடலாம்.

அதோடு நிற்காதீர்கள். பழையதைக் கழற்றி வெளியே வைத்து நீங்களே அளந்துபாருங்கள். கோரின் அகலம், உயரம், தடிமன், மூன்றும் மி.மீ. கணக்கில். டேங்கையோ பிராக்கெட்டையோ சேர்க்காமல் ஃபின் வலை மட்டும். கியர் ஆயில் குழாய் எந்தப் பக்கம், திருகு இழை என்ன அளவு, சென்சார் துளை உண்டா, ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி வரும் கூடு) மாட்டும் காது எங்கே. விற்பவரிடம் இதே அளவுகளைக் கேளுங்கள். "பொருந்தும் சார்" என்பவரிடம் வாங்காதீர்கள். ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புபவரிடம் வாங்குங்கள்.

பெஹர் என்றால் ஒன்று கவனிக்கணும். பின்னால் வந்த வார்ப்பில் மேல் மூக்கின் உட்புறம் உலோக வளையம் வைத்திருப்பார்கள். உங்களுக்கு உடைந்த அதே இடம். மூக்குக்குள் டார்ச் அடித்து ஒரு படம் கேளுங்கள், தெரிந்துவிடும். 2013-ல் மாலே குழுமம் பெஹரில் பெரும்பான்மைப் பங்கை எடுத்தது. பெஹர் ஹெல்லா சர்வீஸ் என்ற பெட்டி 2019 கடைசி வரை வந்தது, அதற்குப் பிறகு மாலே பெயரில் வருகிறது. ஆகவே பெட்டி நிறம் மாறியிருக்கிறது என்று பயப்படவும் வேண்டாம், பேரைப் பார்த்து மட்டும் நம்பவும் வேண்டாம்.

நிசன்ஸ் டென்மார்க் கம்பெனி, நான் டபிள்யூ126 மெர்சிடஸில் போட்டு ஆறு வருஷமாகிறது, புகார் இல்லை. ஆனால் ஷ்ரவுட் காது ஒன்றை அரத்தால் இழைக்க வேண்டியிருந்தது.

பால்பிங்க் எழுதியது:

கழற்றிய வண்டியிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டீர்கள். நான் எடுத்தேன். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து கியர் ஆயில் குச்சியை இழுத்தால் இளஞ்சிவப்பு நுரை. டேங்குக்குள் இருக்கும் ஆயில் கூலரில் ஊசிமுனை ஓட்டை, கூலன்ட் போய்க் கியர்பாக்ஸில் கலந்துவிட்டது. உள்ளே கிளச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் காகித உறைக்கு கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் ஆகவே ஆகாது, பசை விட்டுப்போகும். ரேடியேட்டரில் மிச்சம் பிடித்து கியர்பாக்ஸில் கொடுத்தேன். உங்களுடையது ஆட்டோமேட்டிக். பழையது வேண்டாம்.

ஈயப்பற்று எழுதியது:

மேல ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி. வாங்குறதுக்கு முன்னாடி ஹெட் கேஸ்கட்டை (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஒருவாட்டி பாத்துடு. ஒட்டு வேலை செஞ்ச மூக்கோடவே ஓட்டி, எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலன்ட் ஊத்துற டப்பா) வாயில நீல மருந்து வச்சுப் பாரு. மருந்து மஞ்சளாச்சுன்னா எரிஞ்ச புகை தண்ணிக்குள்ள வருதுன்னு அர்த்தம், அப்பப் புது ரேடியேட்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல. எம்104-ல கேஸ்கட் பின் மூலையில ஆயில் கசியும், அது வேற, அதைக் கண்டு பதறாதே.

அந்த டேங்க் மூடியையும் மாத்திடு. மேல 140-ன்னு போட்டிருக்கும், 1.4 பார்னு அர்த்தம். மூடி பிடிச்சுக்கிட்டு அழுத்தத்தை விடலேன்னா புது மூக்கும் போயிடும்.

இன்னொண்ணு: உன் வருஷத்து வண்டியில எஞ்சின் வயரிங் தோலும் அதே மாதிரிதான் பொடியும். ஹோஸ் கழட்டுற சாக்குல வயரைப் பிடிச்சு வளைச்சிடாதே.

நேர்ஆறு எழுதியது:

எல்லோருக்கும் பதில் சொல்ல மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கணும்.

ஈயப்பற்று ஐயா சொன்ன மாதிரி லாத்தில் ஒரு குழாய் கடைந்து மூக்கை ஒட்டினேன். நீல மருந்து நீலமாகவே இருந்தது. அன்றைக்குத்தான் தூங்கினேன்.

கணக்குநோட்டு சார் சொன்னபடி எண்ணை எடுத்தேன், பழையதைக் கழற்றி அளந்தேன். கழற்றும்போது ஒரு அதிர்ச்சி: ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் காய்ந்த இலையும் பஞ்சும் ஒரு விரல் தடிமனுக்கு மெத்தை போட்டிருந்தது. இத்தனை வருஷம் முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடித்துக் கழுவி, சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏசி போட்டால் முள் 100-க்குப் போகிறதே என்று போன வருஷம் ஃபேன் கிளச் மாற்றினேனே, அதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. சரி, அழுகையாக.

ஏழு பேருக்கு எழுதினேன். ஐந்து பேர் "பொருந்தும்". ஒருவர் பதிலே இல்லை. ஒருவர் மட்டும் ஸ்கேலோடு ஆறு படம் அனுப்பினார், மூக்குக்குள் டார்ச் அடித்த படம் உட்பட. உலோக வளையம் பளிச்சென்று தெரிந்தது. டேங்கில் பிஏ66-ஜிஎஃப்30 என்ற வார்ப்பும் இருந்தது, அதாவது கண்ணாடி இழை 30 சதவீதம் கலந்த நைலான். பெஹர்தான். கம்பெனி பெட்டியைவிட விலை பாதிக்குக் கொஞ்சம் மேல்.

வந்தபோது அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஃபின் வரிசையில் உள்ளங்கை அகலத்துக்கு மடங்கல். குழாயில் அடி இல்லை. சின்ன ஸ்க்ரூடிரைவரும் பொறுமையுமாக ஒரு மாலை முழுக்க நிமிர்த்தினேன். ஆயில் கூலர் வாய்களில் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது, அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

மாட்டுவது அரை மணி வேலை. ஃபோம் துண்டு தேவைப்படவில்லை! ஹோஸ் மூன்றும், 87 டிகிரி தெர்மோஸ்டாட்டும், 140 மூடியும் புதுசு. பிளாக் டிரெயின் போல்ட்டையும் திறந்துதான் பழைய கூலன்ட்டை இறக்கினேன், இல்லாவிட்டால் பாதி உள்ளேயே தங்கிவிடும். மெர்சிடஸின் எம்பி 325.0 அங்கீகாரம் உள்ள கூலன்ட், காய்ச்சி வடித்த தண்ணீர், சரிக்குச் சரி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றினேன். இப்போது ஏசி போட்டும் முள் 80-ஐத் தாண்டிக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது.

பால்பிங்க், உங்கள் பதிவைப் படித்துவிட்டு கியர் ஆயில் குச்சியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். சிவப்புதான்.

நேற்று அண்ணன் வந்து பார்த்தார். பானெட்டுக்குள் குனிந்து ரேடியேட்டரை ரெண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. "எனக்கும் ஒண்ணு சொல்லிடு" என்றார். சேசிஸ் நம்பரை அவரையே படித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.