போருக்குப் போகும் வருமான வரியை அமெரிக்காவில் கட்ட மறுத்தால்?

வேலிப்பருத்தி:
அமெரிக்காவில் மாதச் சம்பளக்காரர் ஒருவர். தன் வருமான வரியில் ராணுவத்துக்குப் போகும் பங்கை மட்டும் மனசாட்சிப்படி கட்ட மறுக்க நினைக்கிறார். ஒளிவுமறைவு கிடையாது, சொல்லிவிட்டே மறுப்பது. சட்டத்தில் இடம் உண்டா? படிவத்தில் எப்படிக் காட்டணும்? வருமான வரித் துறையான ஐஆர்எஸ் என்ன செய்யும்?

கணக்குப்பிள்ளை:
இடம் இல்லை. 1982-இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் எதிர் லீ வழக்கு ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் சமூகப் பாதுகாப்பு வரி பற்றியது. ஆனால் போரைப் பாவமென்று நம்புகிறவர் அந்தப் பங்குக்கு விலக்குக் கேட்டால் என்னாகும் என்பதையே உச்ச நீதிமன்றம் உதாரணமாக எடுத்துக்கொண்டு, அப்படி விட்டால் வரி முறையே நடக்காது என்றது. மறுப்பவர்களின் வரியைப் போரல்லாத செலவுக்குத் திருப்பும் மசோதா 1972 முதல் காங்கிரஸில் திரும்பத் திரும்ப வருகிறது. நிறைவேறியதில்லை.

வருடாந்தர வரிக் கணக்கான படிவம் 1040-இல் வருமானம், வரி, பாக்கி எல்லாவற்றையும் உள்ளபடி எழுதணும். காரணத்தைத் தனிக் கடிதமாக இணைக்கலாம். சறுக்குவது எங்கே என்றால், ‘போர் வரிக் கழிவு’ என்று தாங்களாகவே ஒரு தொகையைக் கழிப்பதில், அல்லது கையெழுத்துக்கு மேலுள்ள உறுதிமொழியை அடிப்பதில். அதற்கு 5,000 டாலர் அபராதம். நூறு டாலரைக் கழித்திருந்தாலும் அதே 5,000 தான்.

நொய்யல்கரை:
அதற்கு முன்னாலேயே ஒரு சிக்கல். சம்பளக்காரர் மறுக்கக் கையில் பணமே இருக்காது, கம்பெனி முன்கூட்டியே பிடித்துவிடும். எவ்வளவு வரி பிடிக்கணும் என்று கம்பெனிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில் ‘விலக்கு’ என்று எழுத, போன வருடமும் வரி வந்திருக்கக்கூடாது, இந்த வருடமும் வராது என்ற நிலை வேண்டும். பொய்யாக எழுதினால் 500 டாலர், வேண்டுமென்றே செய்தால் ஓராண்டு வரை சிறை என்றும் சட்டம் சொல்கிறது. இவ்வளவு பிடி என்று ஐஆர்எஸ் கம்பெனிக்கே கடிதம் அனுப்பிப் பூட்டிவிடவும் முடியும். சொந்தத் தொழில்காரர்கள் காலாண்டுக்கு ஒருமுறை தாங்களே கட்டுவதால் அவர்களுக்குத்தான் இது கைகூடும்.

கணக்குப்பிள்ளை:
சரிதான். ஒன்று: கணக்கே தாக்கல் செய்யாமல் இருந்துவிடக் கூடாது. அதற்கு அபராதம் கட்டாத வரியில் மாதம் 5 சதவீதம். தாக்கல் செய்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் 0.5 தான். இரண்டுக்கும் உச்சம் 25 சதவீதம். வட்டி தனி, தினக் கூட்டுவட்டி.

பிறகு நோட்டீஸ்கள் வரும். கடைசி நோட்டீஸுக்கு 30 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். அதையும் தாண்டினால் பறிமுதல். வங்கிக் கணக்கில் உள்ளதை வங்கி 21 நாள் நிறுத்திவைத்து அனுப்பிவிடும். சம்பளத்தில் கைவைத்தால், சிறு தொகை போக மீதியை பாக்கி தீரும்வரை எடுப்பார்கள். வசூலிக்கும் காலம் பொதுவாக வரி நிர்ணயமான நாளிலிருந்து 10 ஆண்டு.

வேலிப்பருத்தி:
சட்டத்துக்கு உட்பட்டே வழி ஏதும்?

நொய்யல்கரை:
வரி வராத அளவுக்கு வருமானத்தைக் குறைத்துக்கொள்வது. 2024-இல் தனிநபர் நிலையான கழிவு, அதாவது வரி போடாமல் விடும் வருமானம், 14,600 டாலர். வழக்கமான 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்பில் போடுவதும் வருமான வரிக் கணக்கில் சேராது. சமூகப் பாதுகாப்பு வரியும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கான வரியும் அப்போதும் பிடிக்கப்படும். அவை தனி நிதிக்குப் போவதால் மறுப்பவர்களில் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை.

அவர் கிரீன் கார்டுக்காரர் என்றால் இன்னொன்று: குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் வரி பாக்கி உண்டா என்று கேட்பார்கள். இறங்குமுன் குடியேற்ற வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.