ஊருணியை ஆழமாகத் தோண்டிவிட்டோம், தண்ணீர் உப்புக் கரிக்கிறது. சரிசெய்ய வழி உண்டா?

சாயல்குடியான்:
எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம். எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். அதனால் அந்தக் காலத்திலேயே ரெண்டு ஊருணி. ஒன்று குளிக்க, துவைக்க, மாடு கழுவ. மற்றது குடிக்க மட்டும். அதற்குள் செருப்புக்காலோடு யாரும் இறங்க மாட்டார்கள். குடத்தை வெளியிலேயே கழுவிவிட்டுத்தான் படியில் கால் வை என்பார் என் அம்மா.

குழாய் வந்ததும் அந்த ஊருணியை மறந்தோம், சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. பிறகு குழாயில் தண்ணீர் வாரக்கணக்கில் வராமல் போக, வண்டித் தண்ணீர் குடம் பத்து ரூபாய்க்கு வாங்க ஆரம்பித்தோம். போன வருஷம் ஆவணியில் இளவட்டங்கள் சேர்ந்து, வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் பணம் திரட்டி, கருவேலத்தை வேரோடு பிடுங்கித் தூர் வாரினோம். கடைசி நாள் பொக்லைன்காரரிடம் "இன்னும் ரெண்டடி போடுங்கண்ணே" என்று சொன்னவன் நான்தான். கிழக்கு மூலையில் வெள்ளை மணல் வந்தது. நல்ல ஊற்று என்று சந்தோஷப்பட்டோம்.

ஐப்பசி மழையில் நிறைந்தது. மார்கழியில், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 210. தை முடிவதற்குள் பாதி இறங்கிவிட்டது. இப்போது மாசியில் மேல் தண்ணீர் 900, அடித்தண்ணீர் 2300. என் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு எதுவும் பேசாமல் குடத்தைக் கவிழ்த்தார். என்ன செய்யலாம்?

கமுதி_பெரியவர்:
தம்பி, அந்த வெள்ளை மணல்தான் வினை. நம் பக்கத்து ஊருணி ஊற்றால் நிறைவதில்லை. மழைத்தண்ணீரைக் களிமண் ஏந்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் களியைத் துளைத்து மணலைத் தொட்டுவிட்டீர்கள். நிறைந்திருந்தபோது நல்ல தண்ணீர் அந்த வழியே கீழே போனது. ஊருணி மட்டம் தாழ்ந்ததும் நிலத்தடி உப்புத் தண்ணீர் அதே வழியே மேலே வருகிறது.

அடைக்கலாம். வைகாசியில் தரை காயட்டும். அந்த மூலையில் மணலை இன்னும் ஒரு அடி எடுத்துவிட்டு, கண்மாய்க் களியை அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் தெளித்து மிதிக்க வேண்டும். நாங்கள் மாடு விட்டு மிதித்தோம், ரோலர் கிடைத்தால் நல்லது. ரெண்டடி கனம் வரவேண்டும். மேலே அரையடி சாதா மண் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் களி வெடித்துவிடும். களி சரியானதா என்று பார்க்க, ஈரமண்ணை விரலால் நாடாவாக நீட்டுங்கள். உடையாமல் விரல் நீளம் வந்தால் போதும். கண்மாயில் மண் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும், அதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

துபாய்_ராம்நாடு:
இவ்வளவு பாடு எதற்கு? உப்பைப் பிரித்தெடுக்கிற ஆர்ஓ பிளாண்ட் ஒன்று போட்டுவிடுங்கள் பங்காளி.

திருவாடானை_அக்கா:
ஆர்ஓ போட்டால் பாதிக்கு மேல் உப்புக்கழிவாக வெளியே போகும் தம்பி, அதை எந்த ஊருணியில் விடுவது? எங்கள் ஊரில் அப்படித்தான் பக்கத்துத் தென்னை எல்லாம் கருகியது.

சாயல்குடித் தம்பி, உப்பை மட்டும் பார்க்காதீர்கள். ஊருணிக்கு மழைத்தண்ணீர் வருகிற வரத்துக்காலை ஒருமுறை கடைசி வரை நடந்து பாருங்கள். எங்கள் மகளிர் குழு நடந்தபோது ரெண்டு இடத்தில் கால்வாய்க்குள்ளேயே குப்பை கொட்டியிருந்தார்கள், ஓரிடத்தில் மலம். ஊர்க்கூட்டத்தில் பேசி நிறுத்தினோம். இப்போது முதல் ரெண்டு மழையை உள்ளே விடுவதில்லை, பலகை வைத்துக் குளிக்கிற ஊருணிக்குத் திருப்பிவிடுகிறோம். தேத்தாங்கொட்டை தேய்த்தால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. தெளிந்திருக்கிறதே என்று பிள்ளைகளுக்குக் காய்ச்சாமல் கொடுத்துவிடாதீர்கள். மாவட்டக் குடிநீர் ஆய்வகத்தில் கிருமிச் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

சாயல்குடியான்:
பெரியவர் சொன்னதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கரையோரம் கையால் ஒரு குழி வெட்டிப் பார்த்தோம். ஐந்தடியில் களி முடிகிறது. நாங்கள் போனது ஏழடி. தோண்டுவதற்கு முன்னால் அரைநாள் செலவழித்து இதைப் பார்த்திருக்க வேண்டும். பணம் கொடுத்தவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

அக்கா, வரத்துக்காலில் நேற்று நடந்தோம். ஒரு இடத்தில் கால்வாயையே மூடி மாட்டுக்கொட்டகை இருக்கிறது. என் சித்தப்பாவுடையது. அவரிடம் நானே பேசுகிறேன். மார்ச் 22 கிராம சபையில் களி நிரப்பவும் முதல் மழையைத் திருப்பவும் தீர்மானம் கொண்டுவருகிறோம். பெரியவரே, வைகாசியில் மிதிக்கும்போது ஒருநாள் வந்து பார்ப்பீர்களா?

கமுதி_பெரியவர்:
வருகிறேன் தம்பி. மாட்டுக்காரர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.