லாவோஸ் கிராமங்களில் மின்விநியோகம்: வெளிநாட்டு உதவி எதுவரை போய்ச் சேர்கிறது?

கேள்வி (யீஷூன்வாசி):
லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக, 100 மெகாவாட் வரை, 2022 ஜூன் முதல் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தொண்டூழியப் பயணமாக அந்நாட்டின் தென்பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தபோது, வாசலிலிருந்து பத்தடி தூரத்தில் மின்கம்பம் நின்றும் ஒரு மூதாட்டியின் வீட்டில் மட்டும் பேட்டரி விளக்கு எரிந்ததைக் கண்டேன். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் இத்தனை ஆண்டுகளாகக் கடனும் மானியமும் கொடுத்தும் அந்தப் பத்தடியைக் கடக்க முடியாதது ஏன்? மின்துறையில் இருப்பவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பொங்கோல் பொறியாளர்):
சிக்கலே அந்தப் பத்தடியில்தான் இருக்கிறது. 1995 வாக்கில் லாவோஸில் ஏறத்தாழ 15 விழுக்காட்டு வீடுகளுக்கு மட்டுமே மின்சாரம் இருந்தது. இன்று அது 90 விழுக்காட்டைத் தாண்டியிருப்பதில் வெளிநாட்டுக் கடனுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அந்தப் பணம் கம்பத்தையும் கம்பியையும் ஊருக்குள் கொண்டுவருவதோடு நின்றுவிடும். மீட்டர், வயரிங், இணைப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 100 அமெரிக்க டாலரை வீட்டுக்காரர்தான் ஒரே தவணையில் கட்ட வேண்டும். அறுவடைக் காசை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. இதைக் கவனித்து, 2008இல் உலக வங்கியின் துணையுடன் ‘ஏழைகளுக்கு மின்சாரம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. வட்டியில்லாக் கடனை மாதக் கட்டணத்தோடு சிறுகச் சிறுக அடைக்கலாம் என்று ஆனதும், சோதனை நடந்த ஊர்களில் பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களின் இணைப்பு 63 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. அணைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது கைச்செலவுதான். திறப்பு விழாப் படம் கிடைக்காது என்பதாலோ என்னவோ, இத்தகைய திட்டங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுமொழி (தஞ்சைக்காரன்):
பொறியாளர் ஐயா சொல்வது சரி. ஆனால் இணைப்பு கிடைத்த வீட்டுக்கெல்லாம் மின்சாரம் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. என் சிறுவயதில் எங்கள் ஊரில் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்தக் கம்பி வயல்வெளி எங்கும் நீண்டு கிடந்தது. குறுவை நடவுக் காலத்தில் எல்லாப் பம்புசெட்டும் ஒன்றாக ஓடினால், மின்னழுத்தம் குறைந்து கடைசி வீட்டு டியூப்லைட் இரு முனையிலும் சிவந்து சிமிட்டுமே தவிர எரியாது. அப்பா மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு தாங்காவிட்டால் ஸ்டார்ட்டரை அணைத்துவிடுவார். ஒருநாள் சற்றே கண்ணயர்ந்ததில் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிட்டது. இந்தியக் கணக்கின்படி, பொது இடங்களோடு பத்தில் ஒரு வீட்டுக்கு இணைப்பு இருந்தாலே அது மின்வசதி பெற்ற கிராமம். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் மின்வசதி பெற்ற கடைசிக் கிராமமாக அறிவிக்கப்பட்டதும் இந்த அளவுகோலின்படிதான்.

யீஷூன்வாசி:
அப்படியானால் கம்பிக்குச் செலவழிப்பதைவிட வீட்டுக்கு வீடு சூரியத்தகடு கொடுத்துவிடலாமே?

பொங்கோல் பொறியாளர்:
பங்களாதேஷில் 2003 முதல், உலக வங்கி உள்ளிட்டோரின் உதவியுடன், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பொருத்தினார்கள். விளக்குக்கும் கைப்பேசிக்கும் அது போதுமானதாக இருந்தது. ஆனால் கம்பி வந்து சேர்ந்ததும் பலர் அதைக் கைவிட்டனர். பம்புசெட்டுக்குக் கம்பிதான் வேண்டும். தஞ்சைக்காரர் சொன்ன கோளாறுக்கும் தீர்வு உண்டு: 11 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பியையே வயலருகே கொண்டுசென்று, 16 அல்லது 25 கேவிஏ (மின்மாற்றியின் திறனைக் குறிக்கும் அலகு) அளவில் சிறிய மின்மாற்றிகளை நிறுத்தி, தாழ்வழுத்தக் கம்பியின் நீளத்தைக் குறைப்பது. மின்னோட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும் என்பதால், அழுத்தத்தை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைப்பதே சிக்கனமான வழி. ஆனால் மின்மாற்றிகள் பெருகப் பெருகப் பராமரிப்பும் பெருகும். ஊரிலேயே ஓர் ஆளுக்குப் பயிற்சி கொடுக்கவும் உதிரிபாகம் வைக்கவும் உதவி ஒப்பந்தத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அடுத்த முறை அந்தச் சிற்றூருக்குப் போனால், பியூஸ் போனால் யார் வந்து மாற்றுகிறார், எத்தனை நாளாகிறது என்று விசாரித்து எழுதுங்கள்.