புதுச்சேரியின் வடகரைக்குத் தேவை கல்லா, மணலா?

கோட்டக்குப்பம் மீனவர்:
தந்திராயன்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரை கரையிலிருந்து கடலுக்குள் கல்லால் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுகள் இன்னும் வேண்டும் என்று நாங்கள் மனு எழுதும்போதெல்லாம், கல் கொட்டினால் கடற்கரை அழியும் என்று நகரத்தில் இருப்பவர்கள் மறுப்புத் தெரிவிக்கிறார்கள். கடல் பொங்கும் இரவில் சொந்த வீட்டுச் சுவரின் அடிமண் சரிவதைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். எங்கள் தெருவில் முதலில் படகு ஏற்றும் இடம் போயிற்று, பிறகு வலை உலர்த்தும் இடம், அதன் பிறகு தென்னைகள். மிச்சமிருக்கும் வீடுகளைக் காப்பாற்ற இன்றைக்குக் கையில் இருப்பது கருங்கல் ஒன்றுதான்.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
ஐயா, உங்கள் வீடு நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. கடல் உங்கள் வாசலுக்கு வந்த காரணத்தைத்தான் பேச விரும்புகிறேன். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் திரும்பித் தெற்கே போகிறது. சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததும் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணல்வெளி காணாமல் போயிற்று. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினோம், அரிப்பு வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி உங்கள் ஊருக்கு வந்தது. நீங்கள் கேட்கும் தூண்டில் வளைவும் தன் தென்புறத்தில் மணலைப் பிடித்துக்கொண்டு வடபுறத்தைப் பட்டினி போடும். அடுத்த மனு பிள்ளைச்சாவடியிலிருந்தும் காலாப்பட்டிலிருந்தும் வரும். அதனால்தான் கல்லும் தூண்டில் வளைவும் வேண்டாம், தெற்கே சேரும் மணலை வாரி வடக்கே கொட்டுங்கள் என்று நான் ஒரு மனு எழுதுகிறேன்.

கல் வரிசையின் அடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மோதித் திரும்பும் அலை கல்லுக்குக் கீழே இருக்கும் மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆழம் கூடக் கூட அடுத்த அலை தொலைவிலேயே உடைந்து தணியாமல் முழு வேகத்தோடு வந்து அறைகிறது. அடிக்கல் புதைகிறது, மேலே மறுபடி லாரியில் கல் வருகிறது. அங்கே படகை ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க முடியாது. தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு ஏற மணல் இல்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
சேரும் மணலை முகத்துவாரத்தின் தெற்கிலிருந்து எடுத்து வடக்கே சேர்ப்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது என்பது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கனமீட்டர் மணலை நகர்த்த ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும், இயந்திரம் ஓட வேண்டும், ஆள் இருக்க வேண்டும். நம் நிர்வாகத்தில் கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. கல்லை ஆதரிக்க எனக்கு இதுவே முதன்மைக் காரணம். மேலும், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் அமைத்த ஆப்பு வடிவத் திட்டுக்குப் பின்னால் மணல் திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தோம். கட்டுமானமே கூடாது என்பவர்களுக்கு அதுவே பதில்.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
கட்டுமானமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் திட்டு மணலை உண்டாக்குவதில்லை, வருகிற மணலைத் தங்க வைக்கிறது. மணல் வந்தால்தான் அதற்கே வேலை. பராமரிப்பு நடக்காது என்பதற்கும் மாற்று உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களை 1960களில் நீட்டியபோது வடக்கே கோல்டு கோஸ்ட் கரை அரித்தது. ஆறு நியூ சவுத் வேல்ஸில், அரிப்பு குயின்ஸ்லாந்தில். இரு மாநில அரசுகளும் சேர்ந்து நிரந்தரக் குழாய் அமைத்து, 2001 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கனமீட்டர் மணலை அந்தப் பக்கம் சேர்த்துவருகின்றன. இங்கே விசாகப்பட்டினத்திலும் துறைமுகத்தில் வாரிய மணலை ராமகிருஷ்ணா கடற்கரையில் கொட்டுகிறார்கள்.

தேவனாம்பட்டினம் வாசகர்:
நீங்கள் இருவரும் மணல் எப்போதும் வந்துகொண்டே இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அதில் ஒரு பங்கு கடலூர்ப் பக்கத்துத் தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டு வந்து சேர்ப்பது. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் சாத்தனூர் அணை வந்தது, அதன் கீழே பல ஆண்டுகளாக ஆற்றுமணலை அள்ளினோம். ஆற்றை விட்டுவிட்டுத் துறைமுகத்தை மட்டும் குற்றம் சாட்டுவது பாதி நியாயம்தான்.

கோட்டக்குப்பம் மீனவர்:
அம்மா, நீங்கள் சொன்ன ட்வீட் ஆற்றுக் கதையில் எனக்குப் பட்டது இரண்டு அரசுகள் என்பதுதான். என் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது, துறைமுகம் புதுச்சேரியில் இருக்கிறது. இங்கே போனால் அங்கே போ என்கிறார்கள். முகத்துவாரம் தூர்ந்து படகு கவிழும் ஆபத்தை நாங்களும் அனுபவிக்கிறோம், ஆகவே மணலை வாரி வடக்கே கொட்டுவதை எந்த மீனவரும் எதிர்க்க மாட்டார். ஆனால் எத்தனை மணல், எந்த மாதத்தில், யார் செலவில் என்று இரண்டு அரசுகளும் எழுத்தில் தரும்வரை, தூண்டில் வளைவு வேண்டாம் என்ற மனுவில் நான் கையெழுத்திட மாட்டேன்.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
அந்த மூன்று கேள்விகளையும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே மனுவின் முதல் பத்தியாக எழுதுகிறேன். வீடுகளை ஒட்டி அவசரத்துக்குக் கல் போடுவதை எதிர்க்கும் வரியை நீக்குகிறேன். ஆனால் வீடில்லாத திறந்த கரையில் புதிய வளைவு வேண்டாம் என்பதை நீக்க மாட்டேன்.