“குழந்தைக்கா?” “இல்லை, எனக்குத்தான்!”: சிறுவர் மாயக்கதை படிக்கும் பெரியவர்களின் அனுபவங்கள்

தாமதமாக வந்தவன்

சிறுவர்களுக்கான மாயக்கதைகளைப் பெரியவர்கள் ஏன் விரும்பிப் படிக்கிறார்கள் என்று கேட்பவர்கள், பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்: “பழைய ஞாபகம்தானே?” எனக்கு அந்தப் பதில் ஒட்டவே இல்லை. சிறுவயதில் நான் படித்தவை பாடப்புத்தகங்களும் விளையாட்டுச் செய்திகளும்தான். மந்திரவாதி, டிராகன், பேசும் பூனை என்று எதுவும் என் பால்யத்தில் கிடையாது. ஏங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. நாற்பதை நெருங்கும்போதுதான் முதன்முதலாக இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

அக்கா மகள் படித்து முடித்து மேசைமேல் போட்டிருந்த புத்தகம் அது. உர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ’. 1968இல் வந்த நாவல். கதைகளில் மந்திரவாதி என்றாலே வெண்தாடிக் கிழவராகத்தான் வருகிறார்; அவர் இளைஞனாக இருந்தபோது என்ன செய்தார், யாரிடம் கற்றார் என்ற கேள்வியிலிருந்துதான் லெ குவின் அதை எழுதத் தொடங்கினாராம். கெட் என்ற பையன் மந்திரம் கற்கப் போகிறான். சக மாணவன் ஒருவன் சீண்டியதும், தன் திறமையைக் காட்டுவதற்காக, தொடக்கூடாத மந்திரத்தைத் தொடுகிறான். நிழல் ஒன்று வெளியே வந்துவிடுகிறது. அது அவனைத் துரத்த, அவன் தீவு தீவாக ஓடுகிறான். ஒரு கட்டத்தில் பழைய குருவிடம் வந்து சேர்கிறான். ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் அவர்.

“மாமா, டிராகன் வருகிற இடம் எப்படி?” என்று அவள் கேட்டாள். அந்தப் பக்கங்களை நான் சற்று வேகமாகவே தாண்டியிருந்தேன். எனக்குப் பிடித்தது குருவின் வீட்டுக்கு அவன் களைத்து வந்து சேரும் இடம் என்றேன். “அங்கே ஒன்றுமே நடக்கவில்லையே!” என்றாள். அவளுக்கு அந்த நிழல் ஒரு பேய். பயந்து, போர்வைக்குள் விளக்கை வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். எனக்கோ அது பேய் இல்லை என்று, அது வெளியே வந்த பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே புத்தகத்தை ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் இருவர் படித்தோம். படித்தவை இரண்டு புத்தகங்கள்.

உங்களுக்கு இது எப்படி நேர்ந்தது என்று எழுதுங்கள். பழைய ஞாபகம் என்பவர்களும் எழுதலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பிழைதேடி

நான் மெய்ப்புப் பார்ப்பவள். படிப்பது என் பிழைப்பு. அதனால் என் காரணம் கொஞ்சம் தொழில் சார்ந்தது.

பெரியவர்களுக்கான நாவலில் ஒருவன் ஜன்னல் ஓரம் நின்று முப்பது பக்கம் யோசிக்கலாம். நாம் மரியாதைக்குப் பொறுத்துக்கொள்வோம். விமர்சகர் பாராட்டியிருந்தால் பிடித்ததாகவும் சொல்லிக்கொள்வோம். பத்து வயதுக் குழந்தைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. சலித்தால் மூடிவைத்துவிட்டுப் போய்விடும். இது தெரிந்த எழுத்தாளர் ஒரு பத்தியைக்கூட வீணாக்குவதில்லை. மேலே சொன்ன லெ குவின் நாவல் மிகவும் சிறியது. அதற்குள் ஒரு தீவுக்கூட்டம், அதன் வரலாறு, அதன் மொழி, ஒரு மனிதனின் பிறப்பிலிருந்து இளமை வரை எல்லாம் இருக்கிறது. பெரியவர்களுக்கான மாயக்கதைத் தொடர்களில் முதல் போர் தொடங்குவதற்கே அத்தனை பக்கங்கள் ஆகிவிடும்.

இன்னொன்று, விதிகள். நல்ல சிறுவர் மாயக்கதையில் மந்திரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. எர்த்சீயில் ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மீது ஆளுமை வரும். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறெங்கோ வறட்சி வரக்கூடும். ஆரம்பத்தில் சொன்ன விதியை எழுத்தாளர் கடைசிவரை மீறக்கூடாது. மீறினால் முதலில் கண்டுபிடிப்பது குழந்தைதான். எந்த விதி எப்போது யாருக்காக மாறும் என்று தெரியாத அலுவலகங்களில் வேலை பார்க்கும் நமக்கு, விதிகள் மதிக்கப்படும் ஓர் உலகத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பது எவ்வளவு சுகம்!

இவ்வகை நாவல் மெய்ப்புக்கு வந்தால் இரண்டு முறை படிக்கிறேன். முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை சம்பளத்துக்காக.

பெயர் வேண்டாம்

என் அனுபவம் அவ்வளவு சுகமானது இல்லை.

அப்பாவை மருத்துவமனையில் வைத்திருந்தோம். நோய் எந்தத் திசையில் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காத்திருக்கும் அறையில் யாரோ விட்டுச்சென்ற புத்தகங்களுக்குள் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ இருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து, திகில் கதை போலிருக்கிறது, நேரம் போகும் என்று எடுத்தேன்.

கானர் என்ற பையனுடைய தாய் கடும் நோயில் இருக்கிறாள். இரவில் மரவடிவான ஒரு பூதம் அவனைத் தேடி வருகிறது. நான் மூன்று கதைகள் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த உண்மை என்ன என்பதுதான் நாவல். படிக்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள். அம்மா பிழைக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து விரும்பும் அதே பையன், இது எப்படியாவது முடிந்து தொலைந்தால் போதும் என்றும் விரும்புகிறான். இரண்டும் உண்மை. பூதம் அவனைத் திட்டவில்லை. மனத்தில் ஆயிரம் எண்ணங்கள் ஓடும், நீ என்ன நினைத்தாய் என்பதைவிட என்ன செய்கிறாய் என்பதே முக்கியம் என்கிறது.

எனக்கு அப்போது பெரிய வயது, பெரிய வேலை, கீழே பணிபுரிபவர்கள் எல்லாம் உண்டு. ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்ததும் கானர் நினைத்ததும் ஒன்றுதான். அதை உறவினர்களிடமோ நண்பர்களிடமோ நான் சொன்னதில்லை. அவர்களும் என்னிடம் சொன்னதில்லை. சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு புத்தகம் சொன்னது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் என்ன கதை என்று விசாரித்தார். சுருக்கமாகச் சொன்னேன். “கடைசியில் அந்தத் தாய் பிழைத்துவிடுகிறாளா?”

“இல்லை ஐயா.”

“அப்படியானால் முடித்ததும் என்னிடம் கொடுங்கள்” என்றார்.

பிறகு தெரிந்துகொண்டேன்: அந்தக் கதைக்கருவை யோசித்தவர் ஷிவான் டௌட் என்ற எழுத்தாளர். புற்றுநோயால் 2007இல் அவர் இறந்துபோக, அந்தக் கருவை வைத்துப் பேட்ரிக் நெஸ் எழுதிய நாவல் 2011இல் வந்தது. நோயைப் பற்றி அதில் ஒரு பொய்கூட இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கரும்பலகை

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நூலக வகுப்பும் என் பொறுப்பு.

பெரியவர்கள் இந்தப் புத்தகங்களைப் படிப்பதில் எனக்கு வருத்தமில்லை. படித்ததும் அவற்றைத் தங்களுடையதாக்கிக்கொள்வதுதான் வருத்தம். ஹாரி பாட்டர் நாவல்களுக்குப் பெரியவர்களுக்கென்றே தனி அட்டை போட்டு விற்றார்கள், பஸ்ஸில் படிப்பவர் கூச்சப்படக்கூடாது என்று! அவை வயதுவந்தோருக்கான விற்பனைப் பட்டியலில் உட்கார்ந்துகொண்டு இறங்காமல் இருந்ததால், 2000இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ சிறுவர் நூல்களுக்குத் தனிப் பட்டியலே தொடங்க வேண்டியதாயிற்று. அந்தத் தொடரின் முதல் நாவல் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம். ஐந்தாவது 766 பக்கம். கதை வளர்ந்தது, பாத்திரங்களுக்கு வயதானது, எல்லாம் சரி. ஆனால் முதல் புத்தகத்தைத் தானாக எடுத்து ஒரே மூச்சில் முடித்த பல குழந்தைகள், ஐந்தாவதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியிலேயே வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் கூட்டமாக நுழைந்தால் அறை இருட்டாகிறது. நாவல் “முதிர்ச்சியாக” இருக்கிறது என்று நாம் பாராட்டுகிறோம். அடுத்து எழுதுபவர் அந்தப் பாராட்டுக்காக எழுதுகிறார். சிரிப்பு முதலில் காணாமல் போகிறது. எனக்குத் தெரிந்த குழந்தைகள் யாரும் முதிர்ச்சி கேட்டு என்னிடம் வந்ததில்லை. “மிஸ், சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?” என்றுதான் வருகிறார்கள்.

கடைசி நிறுத்தம்

அட்டைக்குக் கூச்சப்படும் ஆசாமிகளில் நானும் ஒருவன். மின்நூல் கருவி வந்தபின் அந்தக் கவலை ஒழிந்தது.

மிகாயேல் எண்டே எழுதிய ‘மோமோ’வைப் பயணங்களில்தான் படித்தேன். 1973இல் வந்த ஜெர்மன் நாவல். சாம்பல்நிற மனிதர்கள் வந்து, நேரத்தைச் சேமித்தால் வட்டி கிடைக்கும் என்று ஊராரை நம்பவைக்கிறார்கள். முடிதிருத்துபவர் ஒருவரை உட்காரவைத்து அவர் வாழ்க்கையை நொடிக்கணக்கில் எழுதிக் கூட்டுகிறார்கள்: வயதான தாயோடு உட்கார்ந்திருந்த நேரம், வளர்க்கும் கிளிக்குச் செலவான நேரம், நடக்க முடியாத ஒரு பெண்ணுக்குத் தினமும் பூ கொண்டுபோன நேரம், எல்லாமே நஷ்டக் கணக்கில். குழந்தைகளுக்கு அந்தச் சாம்பல் மனிதர்கள் வில்லன்கள். எனக்கு அவர்களைப் பார்க்கத் தோன்றவேயில்லை. அந்த முடிதிருத்துபவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் நான் அப்போது கைப்பேசியில் அடுத்த நாளுக்கான வேலைப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன்.

சோபியின் தோழி

எனக்கு அறுபதைத் தாண்டி நாளாகிறது. கரும்பலகை அம்மாவின் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் கேட்ட சிரிப்புள்ள புத்தகம் ஒன்றைச் சொல்கிறேன்.

டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’. திரைப்படமாகப் பார்த்தவர்கள் நாவலையும் படிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன. மூன்று சகோதரிகளில் மூத்தவள் சோபி. மாயக்கதைகளில் மூத்த பிள்ளைக்கு எதுவும் உருப்படாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அவளும் முயற்சியே செய்யாமல் தொப்பிக்கடையில் முடங்கிக் கிடக்கிறாள். ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். அழுவாள் என்று பார்த்தால், முட்டி வலியோடு நடையைக் கட்டுகிறாள்! யார் என்ன நினைப்பார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்த பெண், கிழவியானதும் மந்திரவாதியின் கோட்டைக்குள் அழைப்பில்லாமல் நுழைகிறாள். தீப்பூதத்தோடு பேரம் பேசுகிறாள். வீட்டுக்காரன் வேண்டாம் என்று கத்தினாலும் ஒட்டடை அடிக்கிறாள்.

இளைய வாசகர்களுக்கு இது ஒரு சாபத்தின் கதை. எனக்கு அப்படித் தெரியவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு, குடும்பக் கூட்டங்களில் நான் நினைத்ததைச் சொல்லத் தொடங்கினேன். “இப்போதெல்லாம் நீ மாறிவிட்டாய்” என்கிறார்கள். மாறவில்லை. முன்பு தைரியமில்லை, இப்போது நரைமுடி இருக்கிறது, அவ்வளவுதான். நாவலில் அந்தக் கோட்டைக்கார மந்திரவாதி ஹவுல் அந்தச் சாபத்தை நீக்க ரகசியமாக முயன்று பார்த்து, முடியாமல், இவளுக்கே இந்த வேடம் பிடித்திருக்கிறது போலும் என்று முடிவு செய்கிறான். அந்த வரியில் புத்தகத்தை வைத்துவிட்டு உரக்கச் சிரித்தேன். பேத்தி ஓடிவந்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தாள். “இதில் சிரிக்க என்ன இருக்கிறது பாட்டி?” என்றாள். இன்னும் ஐம்பது வருடம் பொறு என்றேன்.

சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தப் புத்தகம் என் கைக்கு வந்திருந்தால் ஹவுலின் அழகில் மயங்கியிருப்பேன். நல்லவேளை, அப்போது வரவில்லை.

தாமதமாக வந்தவன்

கரும்பலகை அம்மாவுக்கு ஒரு பதில். அறை யாருடையது என்பதிலேயே ஒரு பழைய தகராறு இருக்கிறது. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1939இல் மாயக்கதைகளைப் பற்றி ஆற்றிய உரை ஒன்று உண்டு. இந்தக் கதைகள் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தது தற்செயல் என்கிறார். கூடத்தில் வைக்கப் பிடிக்காத பழைய நாற்காலிகளைக் குழந்தைகளின் அறைக்குத் தள்ளிவிடுவது போல, நாகரிகம் மாறியபோது பெரியவர்கள் தமக்கு வேண்டாத கதைகளையும் அங்கே தள்ளிவிட்டார்கள். குழந்தைகள் கேட்டு வாங்கியதல்ல என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் நாங்கள் அபகரிக்க வரவில்லை, எங்கள் நாற்காலியைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அதே உரையில் இன்னொன்றும் சொல்கிறார். மாயக்கதை வாசிப்பவன் நிஜத்திலிருந்து தப்பி ஓடுகிறான் என்று ஏளனம் செய்பவர்கள், சிறைப்பட்டவன் தப்புவதையும் படைவீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள் என்று. மருத்துவமனையில் அந்தப் புத்தகத்தைப் படித்த நண்பர் ஓடியதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே இருந்தவர்களில் நேராக நின்றவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

கரும்பலகை

டோல்கீன் சொல்வது பழைய தேவதைக் கதைகளுக்குப் பொருந்தும். நீங்கள் எல்லோரும் மேலே பட்டியலிட்டவை குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்ட நாவல்கள். அந்த நாற்காலிகளை அவர்கள் அளவுக்கே தச்சிருக்கிறார்கள் ஐயா. நீங்கள் உட்காருங்கள், கால் கொஞ்சம் மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சோபி கதை எங்கள் நூலகத்தில் இல்லை. வாங்கச் சொல்லி எழுதிவிட்டேன். வந்ததும் முதலில் குழந்தைகளுக்குத்தான். எனக்கு அவர்கள் வரிசை முடிந்த பிறகு.

பிழைதேடி

அந்த வரிசையில் குறுக்கே நுழைய மாட்டீர்கள் என்பதற்கு யார் சாட்சி?