‘லூயி லூயி’யும் தப்பான இடத்தில் நுழைந்த குரலும்

கிட்டார் கற்கத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் ஆசிரியர் எனக்கு ‘லூயி லூயி’ என்ற ஆங்கில ராக் பாட்டைக் கொடுத்தார். ஏ, டி, இ மைனர், மறுபடியும் டி. பாட்டு முழுவதற்கும் இந்தக் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) அவ்வளவுதான். நானோ இ மேஜரை வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கம்பியிலிருந்து ஆள்காட்டி விரலை எடுக்கச் சொன்னார். எடுத்ததும், அதுவரை கல்யாண பேண்டு போல் ஒலித்த பாட்டுக்கு ஒரு முரட்டுத்தனம் வந்துவிட்டது.

ரிச்சர்ட் பெர்ரி 1957இல் வெளியிட்ட மூலப் பாட்டு, ஜமைக்காவில் இருக்கும் காதலியிடம் திரும்பத் துடிக்கும் மாலுமியின் புலம்பல். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக் கிங்ஸ்மென் குழு 1963 ஏப்ரலில் அதை ஒரே மூச்சில் பதிவு செய்தபோது, மைக் தலைக்கு மேல் உயரத்தில் தொங்கியதாலும் பல்லுக்குக் கம்பி போட்டிருந்ததாலும் பாடகர் ஜாக் ஈலியின் சொற்கள் குழறிப்போயின. அந்தக் குழறலில் ஆபாசம் இருப்பதாகப் புகார்கள் குவிய, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. விசாரணை நடத்தி, எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டாலும் சொற்கள் விளங்கவில்லை என்று கோப்பை மூடியது. (கேட்டவர்கள் அவரவர் மனத்தில் இருந்ததைத்தான் கேட்டிருக்கிறார்கள்.)

கிட்டார் தனிவாசிப்பு முடிந்ததும் ஈலி அவசரப்பட்டு இரண்டு பார் (தாளச் சுற்று) முன்னதாகவே நுழைந்து, தவறு புரிந்து சட்டென்று நிறுத்த, டிரம்ஸ்காரர் ஓர் உருட்டல் வாசித்து அதை மூடி மறைப்பார். எங்கள் முதல் ஒத்திகையில் நான் எண்ணிக்கை பிசகாமல் சரியான இடத்தில் பாடத் தொடங்கியதும் எங்கள் டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். “அங்கே தப்பாகத்தான் பாட வேண்டும், இல்லையென்றால் எனக்கு அங்கே வேலையே இல்லை,” என்றார். பிறகு பல குழுக்களின் பதிவுகளைக் கேட்டபோதுதான், அந்தப் பிழையை அவர்களும் வேண்டுமென்றே வாசிப்பது தெரிந்தது. சரியாகப் பாடியதைவிட, அந்தத் தவறைத் தவறாமல் பாடப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

*

பாடகரைப் பற்றி மேலே நண்பர் எழுதியதால், பாட்டை எழுதியவரைப் பற்றி நான் சொல்கிறேன். பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் கிங்ஸ்மெனின் தட்டு கைக்குக் கிடைத்தபோது, நடுத்தாளில் பெர்ரியின் பெயரைப் பார்த்து, அவருக்கு நிறையப் பணம் வந்திருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் அவர் 1959இலேயே உரிமையை 750 டாலருக்கு விற்றிருந்தார். 1980களில் ஒரு பான விளம்பரத்துக்கு அவருடைய கையெழுத்து தேவைப்பட்டபோதுதான் வழக்கறிஞர் மூலம் அந்த உரிமையில் ஒரு பங்கு அவருக்குத் திரும்பக் கிடைத்தது.