லுப்லியானா சிட்டி சென்டர்ல ஸ்லோவேனியா பாரம்பரிய சாப்பாடு: முட்டை கூட தொடாத அம்மாவ கூட்டிட்டு போலாமா?

முத்தியால்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாண்டி, அம்மா அப்பா இருக்கறது கடலூர் திருப்பாப்புலியூர்ல. வர்ற மே மாசம் கடைசில ரெண்டு பேரையும் இட்டுனு தம்பி வீட்டுக்கு வியன்னா போறோம், அங்கேருந்து அவன் கார்லயே ஸ்லோவேனியா போயி அதோட தலைநகர் லுப்லியானாவுல தங்கறதா பிளான், நாலு மணி நேர டிரைவ் தான்னு சொல்றான்.

விஷயம் என்னன்னா அப்பாவுக்கு எந்த ஊருக்கு போனாலும் அந்த ஊர்க்காரங்க சாப்பிடறத அவங்க உக்காந்து சாப்பிடற எடத்துலயே சாப்பிடணும், பீட்சா பர்கர்லாம் பாண்டிலயே கெடைக்குதேம்பாரு. அவரு மட்டன் சிக்கன் மீன் சாப்பிடுவாரு, மாடும் பன்றியும் வேணாம். அம்மா சுத்த சைவம், முட்டை கூட கெடையாது, கேக்ல முட்டை இருக்குன்னு தெரிஞ்சா தொட மாட்டாங்க. இப்பவே "நீங்கல்லாம் போயி சாப்ட்டு வாங்க, நான் ரூம்ல பழம் சாப்ட்டு படுத்துக்கறேன்"னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு அது மனசே ஒப்பல. வாழ்க்கைல மொத தடவ வெளிநாடு வர்றாங்க, அவங்கள ரூம்ல விட்டுட்டு நாங்க போயி சாப்பிட்டா தொண்டைல எறங்குமா?

ஒயிட் டவுன்ல பிரெஞ்சு ஹோட்டல் மெனுலாம் ஓரளவு பழக்கம், ஆனா ஸ்லோவேனியா சாப்பாட்டுல ஒரு பேரு கூட தெரியல. சென்டர்லயே பாரம்பரியமான ஹோட்டல்ல அம்மாவும் எங்களோட உக்காந்து வயிறார சாப்பிட ஏதாவது இருக்கா? எத கேக்கணும், எத பாத்து ஒதுங்கணும்? போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஓ.டி. பையன்:

அக்கா, நானும் கடலூர் ஓ.டி. தான், அதான் ஓல்டு டவுன். லுப்லியானா யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் படிச்சேன். தாராளமா கூட்டிட்டு போங்க, ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த நல்லா மனசுல வாங்கிக்கோங்க, அந்த ஊர் சமையல்ல கறித்துண்டு பிரச்சனை இல்ல, அது கண்ணுக்கு தெரிஞ்சிடும், ஒதுங்கிடலாம். பிரச்சனை பன்றிக் கொழுப்பும் மாட்டெலும்பு சூப்பும் தான். இது ரெண்டும் கறி மாதிரியே தெரியாம உள்ள இருக்கும்.

அங்க குடும்பமா நடத்துற பழைய பாணி சாப்பாட்டுக் கடைக்கு கோஸ்டில்னானு பேரு, போர்டுலயே போட்டிருக்கும். ஒரு பக்கம் ஆல்ப்ஸ் மலை, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஹங்கேரி சமவெளி, இத்தனைக்கும் மொத்த நாட்டு ஜனத்தொகையே சுமார் 21 லட்சம் தான், அதனால ஒரே மெனு கார்டுல ஆஸ்திரியா, இத்தாலி, ஹங்கேரி மூணு பக்கத்து சாப்பாடும் கலந்து கெடக்கும்.

அம்மாவுக்கு மொதல்ல நான் சொல்றது ஐதோவி ஷ்கான்ட்ஸி. பக்வீட்னு ஒரு தானியம், பேர்ல வீட் இருந்தாலும் அது கோதுமையே இல்ல, அந்த மாவுல பண்றது. கொதிக்கற உப்புத்தண்ணில மாவ ஒரே குவியலா கொட்டி, கிளறாம, மரக்கரண்டி காம்பால நடுவுல ஒரு ஓட்டை போட்டு அப்டியே வேக விடுவாங்க. வெந்தப்புறம் கொஞ்சம் தண்ணிய வடிச்சு எடுத்து வெச்சுட்டு கிளறி, முள்கரண்டியால உதுத்து உதுத்து தட்டுல போடுவாங்க. நம்ம கேவுரு களிய உருட்டாம உதுத்து போட்டா எப்டி இருக்கும், அதான், லேசா ஒரு கசப்பு இருக்கும். மாவு, தண்ணி, உப்பு, அவ்ளோதான், முட்டையே கெடையாது. ஆனா கடைசில மேல பொரிச்ச பன்றிக் கொழுப்புத் துண்ட அந்த சூடான பன்றி நெய்யோட ஊத்துவாங்க, அதுக்கு ஒட்ஸ்விர்கினு பேரு. அத ஊத்தாம குடுங்கன்னு ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிடணும், ஊத்துனப்புறம் சொல்லி பிரயோஜனம் இல்ல. ஒட்ஸ்விர்கி இல்லாம கிஸ்லோ ம்லேகோவோட கேளுங்க, அது புளிக்க வெச்ச பால், கெட்டியா ஜில்லுனு கிண்ணத்துல வரும். நீங்க அம்மாவுக்காக கண்டுபிடிச்சு கேக்கற காம்பினேஷன்னு நெனைக்காதீங்க, அந்த ஊர் கிராமத்து ஜனங்க காலங்காலமா ஷ்கான்ட்ஸிய புளிச்ச பாலோடயும் சாப்பிட்டுனு தான் இருக்காங்க.

அடுத்தது ஷ்ட்ருக்ளி. மெல்லிசா இழுத்த மாவுல ஸ்குட்டானு ஒரு பால்கட்டி, இல்ல வால்நட், கசகசா, ஆப்பிள்னு வெச்சு சுருட்டி ஆவில வேக வெச்சு வெட்டி குடுப்பாங்க. கறி இல்லதான், ஆனா மாவுலயும் உள்ள வெக்கறதுலயும் பெரும்பாலும் முட்டை இருக்கும். வெஜிடேரியன்னு மட்டும் சொன்னா இதத்தான் மொதல்ல கொண்டாந்து வெப்பாங்க, அவங்க கணக்குல முட்டை சைவம். அதனால முட்டைய தனியா சொல்லுங்க.

ரொம்ப உஷாரா இருக்க வேண்டியது இட்ரியா ஊரோட ஜ்லிக்ரோஃபி. உருளைக்கிழங்க உள்ள வெச்சு சின்ன தொப்பி மாதிரி மடிச்சது, 2010ல ஐரோப்பிய யூனியன்லயே பாரம்பரிய உணவுனு ரெஜிஸ்டர் பண்ணிட்டாங்க. உருளைக்கிழங்குனு போட்டிருக்கே, அம்மாவுக்கு சரியா இருக்கும்னு தோணும். அந்த கிழங்கு மசியல்லயே பன்றிக் கொழுப்பு சேத்து பெசையறது தான் வழக்கம், மேல்மாவுல முட்டையும் இருக்கு. யோத்தானு பீன்ஸ், புளிச்ச முட்டைகோஸ், உருளைக்கிழங்கு போட்ட கெட்டி சூப்பு, ரிச்செட்னு பார்லி கஞ்சி, இது ரெண்டுலயும் பொகை போட்ட பன்றிக்கறி போட்டு வேக வெக்கறது தான் சகஜம். காளான் சூப் கூட மாட்டெலும்பு தண்ணில போட்டிருக்கலாம். கேக்காம எந்த சூப்பும் வேணாம் அக்கா.

சாலட் வாங்கலாம், முட்டையும் ஒட்ஸ்விர்கியும் போடாம, பூசணி விதை எண்ணெய் ஊத்தி கேளுங்க. கருப்பா இருக்கேன்னு பாத்தா ஓரத்துல கரும்பச்சையா தெரியும், வறுத்த வாசனை தூக்கும். எங்கம்மாவுக்கு ஒரு பாட்டில் வாங்கினு வந்தேன், இட்லிப் பொடிக்கு ஊத்திக்கறாங்க.

நெல்லித்தோப்பு மாமா:

நான் பிரான்ஸ்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டவன். அந்தத் தம்பி நல்லா விவரமா சொல்றாப்ல, தப்பு சொல்லல, ஆனா என் அபிப்பிராயம் வேற. வயசான சுத்த சைவத்த இந்த மாதிரி எடத்துக்கு கூட்டிட்டு போவாதம்மா. நான் என் வீட்டுக்காரிய கூட்டிட்டு ஒரு ஊர்ல ஒரு ஹோட்டலுக்கு போனேன், பேரு வேணாம், காய்கறி சூப்புனு சொல்லித்தான் குடுத்தான், பாதி குடிச்சப்புறம் அடுத்த டேபிள்காரங்க சொல்லித்தான் தெரியுது அது மாட்டெலும்பு தண்ணினு. அவ அன்னிக்கு ராத்திரி பூரா அழுதா. அந்த டிரிப்புல அப்புறம் எங்கயுமே வாய தொறந்து சாப்பிடல. ஸ்லோவேனியால சில கடைல குதிரைக்கறியும் வெச்சிருப்பான், மெனுல படத்தோட இருந்தா அம்மா தாங்குவாங்களா? இந்தியன் ரெஸ்டாரன்ட் ஒண்ணு பாத்து அம்மாவ உக்கார வெச்சுட்டு, அப்பாவ ஒரு வேளை தனியா கூட்டிட்டு போ. தப்பே இல்ல.

ரெட்டியார்பாளையம் மருமக:

மாமா சொல்றது புரியுது, அத்தைக்கு நடந்தது கொடுமை, யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனா அதுக்கு காரணம் கேக்காம குடுத்ததும் விசாரிக்காம வாங்குனதும்தானே, ஊர் சாப்பாடே வேணாம்னு ஒதுக்கறதுக்கு அது காரணம் ஆயிடாதுனு எனக்கு தோணுது. நாங்க மாமியாரோட லுப்லியானா போனோம், அவங்களும் முட்டை சாப்பிட மாட்டாங்க. அக்காவுக்கு நான் சொல்றது, ராத்திரி சாப்பாட்டுக்கு போகாதீங்க, மதியம் போங்க. அங்க மதிய சாப்பாடு தான் பெரிய சாப்பாடு. வார நாள்ல மதியத்துக்குன்னே தனி மெனு போடற கடைங்க நெறைய, வெலையும் கம்மி. முக்கியமா அந்த நேரத்துல அம்மாவுக்கு ஒத்து வரலன்னா கூட பக்கத்துலயே மார்க்கெட் தொறந்திருக்கும், ராத்திரி ஒம்போது மணிக்கு ஒத்து வரலன்னா என்ன பண்ணுவீங்க?

மே மாசம்னா எல்லா கடையும் வெளிய டேபிள் போட்டிருக்கும், ஆத்தங்கரையோரமா காத்தாட உக்காரலாம், உள்ள கறி வாசனைல உக்கார வேண்டியதே இல்ல. சிட்டி சென்டருக்குள்ள கார் விட மாட்டாங்க, தம்பிகிட்ட சொல்லுங்க, வெளிய பார்க்கிங்ல போட்டுட்டு நடக்கணும். அம்மா அப்பாவுக்கு முட்டி வலி இருந்தா கவலப்படாதீங்க, காவலிர்னு பச்சை கலர்ல சின்ன எலக்ட்ரிக் வண்டி சென்டருக்குள்ள சுத்தினே இருக்கும், கைய காட்டுனா நிக்கும், காசே கெடையாது. என் மாமியார் அந்த வண்டிய விட்டு எறங்கவே மாட்டேன்னாங்க.

கடைனா, டவுன்ஹாலுக்கும் கதீட்ரலுக்கும் நடுவுல சோக்கோல்னு ஒரு கோஸ்டில்னா இருக்கு, பழைய மரச்சாமான், பெரிய பெரிய தட்டு, அப்பா ஆசைப்படற மாதிரியே இருக்கும். மலை மேல கோட்டைக்குள்ளயும் சாப்பாட்டு எடம் இருக்கு, ஏற முடியலன்னா மேல போக ஃபியூனிகுலர் ரயில் இருக்கு, கம்பி கட்டி மலைச்சரிவுல இழுத்து ஏத்தற பெட்டி. அப்பாவுக்கு கண்ண மூடிட்டு போஸ்தர்வ் சொல்லுங்க, ட்ரவுட் மீன், முழுசா பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வறுத்தது, முள்ளு எடுக்கறது ஈஸி. கூலாஷ்னு கறிக்கொழம்பு இருந்தா கேளுங்க, மாடா மானானு, ரெண்டும் உண்டு. க்ரான்ஸ்கா சாசேஜ தான் எல்லாரும் ஆஹா ஓஹோனு சொல்வாங்க, அது பன்றி, அவருக்கு வேணாம்.

வில்லியனூர் ரைடர்:

ஸ்லோவேனியா போயிட்டு ஹீஷா ஃப்ராங்கோ ரெஸ்டாரன்ட்டுக்கு போகாம வந்தா எப்டிங்க? அனா ரோஷ்னு ஒரு பெண் செஃப் நடத்துறது, 2023ல மூணு மிஷலின் ஸ்டார் குடுத்துட்டாங்க, அப்பாவ அங்க கூட்டிட்டு போங்க.

ஓ.டி. பையன்:

ப்ரோ அது கோபாரிட் பக்கம், இத்தாலி பார்டர்கிட்ட இருக்கு, அக்கா கேக்கறது சிட்டி சென்டர்ல. அதுவும் இல்லாம அது அவங்க சொந்த கற்பனைல பண்ற நீளமான டேஸ்டிங் மெனு. ஊர்க்காரங்க தெனம் சாப்பிடறது வேணும்னு கேக்கற அப்பாவுக்கு அது இல்ல.

மாமா, நீங்க சொன்னத படிச்சு கஷ்டமா இருந்துச்சு. அதனால தான் சொல்றேன், லுப்லியானா சென்டர்ல சர்வ் பண்றவங்க முக்காவாசி பேருக்கு இங்கிலீஷ் நல்லா வரும், கேட்டா உள்ள போயி சமையக்காரர்ட்ட விசாரிச்சுட்டு வந்து சொல்லுவாங்க. நான் இருந்தப்போ அப்டி பல தடவ பண்ணியிருக்காங்க. இல்லாதத இருக்குனு சொல்லி விக்கற பழக்கம் நான் பாத்த வரைக்கும் இல்ல.

முத்தியால்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். ஷ்கான்ட்ஸி பத்தி அம்மாகிட்ட படிச்சு காமிச்சேன், உதுத்த களியும் புளிச்ச பாலும்னதும் "அப்ப நான் வரேண்டி"னாங்க! மதியமே போலாம்னு முடிவு பண்ணிட்டோம். மாமா, உங்க பேச்சையும் மனசுல வெச்சுக்கறேன், சூப் பக்கமே போ மாட்டோம். இன்னும் கொஞ்சம் டவுட் இருக்கு: ஆளுக்கு எவ்ளோ ஆகும், டிப்ஸ் வெக்கணுமா, முன்னாடியே டேபிள் சொல்லணுமா? அம்மாவுக்கு இனிப்பு ஏதாவது கெடைக்குமா? அவங்க மொழில எழுதி கைல வெச்சுக்க ஏதாவது வார்த்தை சொல்லுங்க.

ஓ.டி. பையன்:

அம்மா வராங்கன்னு கேக்க எனக்கே சந்தோஷமா இருக்கு அக்கா.

ஆளுக்கு 30 யூரோ எடுத்து வெச்சுக்கோங்க, மதிய மெனுனா அதவிட கம்மில முடியும். வெல வாசல்லயே போர்டுல இருக்கும், டாக்ஸ் சேத்து தான் போட்டிருப்பாங்க. டிப்ஸ் கட்டாயம் கெடையாது, பில்ல ரவுண்ட் பண்ணி குடுத்தா போதும், சர்வீஸ் புடிச்சிருந்தா பத்து பர்சன்ட். பிரெட் வெச்சாங்கன்னா சில எடத்துல அதுக்கு தனியா காசு, வேணாம்னா மொதல்லயே சொல்லிடுங்க. பாட்டில் தண்ணி வாங்காதீங்க, கொழா தண்ணியே நல்லா இருக்கும், குடிதண்ணி ஜனங்க உரிமைனு 2016ல அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க அந்த நாட்டுல.

டேபிள் கண்டிப்பா முன்னாடி நாளே சொல்லுங்க, மெயில்லயே சொல்லலாம், அதுல தான் உங்களுக்கு லாபமே. அம்மாவுக்கு கறி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு, எலும்பு சூப் எதுவும் ஆகாது, கொழுப்பு ஊத்தாத ஷ்கான்ட்ஸியும் புளிச்ச பாலும் கெடைக்குமானு இங்கிலீஷ்லயே எழுதி அனுப்புங்க. எல்லா கடைலயும் எல்லா நாளும் புளிச்ச பால் இருக்காது, அதனால பதில் வந்த கடைக்கு போங்க. வறுத்த உருளைக்கிழங்கு, ப்ரஜென் க்ரொம்பிர்னு இருக்கும், அதையும் கேளுங்க, எண்ணெய்ல பண்ணாங்கன்னா அம்மாவுக்கு ரொம்ப புடிக்கும், வெங்காயம் நல்லா செவக்க வதக்கி போட்டிருப்பாங்க. சில எடத்துல பன்றி நெய்ல வதக்குவாங்க, அப்ப வேணாம்.

கைல வெச்சுக்க: பிரெஸ் மேசானா கறி இல்லாம, பிரெஸ் யைட்ஸ்னா முட்டை இல்லாம, பிரெஸ் ஒட்ஸ்விர்கோவ்னா அந்த பொரிச்ச கொழுப்பு இல்லாம. சாப்ட்டு முடிச்சு ஹ்வாலானு ஒரு நன்றி சொல்ல சொல்லுங்க அம்மாவ, அந்த ஊர்க்காரங்களுக்கு முகமே மலர்ந்துடும்.

இனிப்புதான் கஷ்டம். கிபானிட்சானு ஹங்கேரி பார்டர் பக்கத்து இனிப்பு, கசகசா, வால்நட், ஆப்பிள், பால்கட்டினு அடுக்கடுக்கா வெச்சு சுட்டது, அத அப்பா சாப்பிடணும், விடவே கூடாது. அம்மாவுக்கு அது ஆகாது, முட்டை இருக்கு, போத்திட்சானு வால்நட் சுருள் ரொட்டி இருக்கும், அதுலயும் இருக்கு. சாப்ட்டு எழுந்து நேரா மார்க்கெட்டுக்கு நடங்க. ஆத்தோரமா நீளமா தூண் வரிசை போட்டு ப்ளெச்னிக்னு அந்த ஊர் ஆர்க்கிடெக்ட் கட்டுனது, 2021ல அவரு லுப்லியானாவுல பண்ண வேலைங்கள யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க, அதுல இதுவும் ஒண்ணு. மே கடைசில ஸ்ட்ராபெரி இருக்கும், ப்ர்டானு செர்ரி வெளையற பகுதிலேருந்து செர்ரியும் வர ஆரம்பிச்சிடும், விக்கற பாட்டிங்களே ஒண்ணு எடுத்து சாப்ட்டு பாருங்கன்னு குடுப்பாங்க. தேனும் அங்கயே வாங்கிடுங்க, பாஸ்வுட்னு ஒரு மரத்துப் பூ தேன் இருக்கும். பக்வீட் மாவும் ஒரு கிலோ வாங்கிட்டா திருப்பாப்புலியூர்ல அம்மாவே பண்ணி பாப்பாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் மார்க்கெட் லீவு, அத பாத்து பிளான் பண்ணுங்க.